சொல் கேளீர்: ஆணைக்கு அடங்காத ஓர் ஆங்கிலச் சொல்

கேள்வி: நீதிமன்றச் செய்தி ஒன்றில், ஒருவருடைய நடத்தையை நீதிபதி 'கான்ட்யுமேஷஸ்' என்று கண்டித்ததாகப் படித்தேன். அகராதியில் 'கலகம் செய்கிற, அடங்காத' என்று பொருள் இருக்கிறது. தனியொருவர் நீதிமன்றத்துக்கு வராமல் இருப்பது எப்படிக் கலகமாகும்?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது. அகராதி சொல்வது தவறில்லை என்றாலும், அதை மட்டும் நம்பி இச்சொல்லை எடுத்தாண்டால் இடறிவிடுவோம். இதன் மூலமான 'கான்டுமாக்ஸ்' என்ற லத்தீன் சொல் பிடிவாதமும் செருக்கும் உடையவரைக் குறித்தது. ரோமானியச் சட்டத்திலும், பின்னர் திருச்சபை நீதிமன்றங்களிலும், அழைப்பாணை கிடைத்தும் வேண்டுமென்றே வராதவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்துக்கு இதிலிருந்தே பெயர் அமைந்தது. இங்கிலாந்தில் இக்குற்றத்துக்குச் சபைவிலக்கு, அதாவது திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கும் தண்டனை, விதிக்கும் வழக்கத்தை 1813ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தி, அதற்குப் பதிலாகப் பிடியாணையும் சிறையும் என்று மாற்றியது.

ஆகவே இச்சொல்லைப் பயன்படுத்த, ஆணையிடும் உரிமையுள்ள ஓர் அதிகாரம் இருக்க வேண்டும். அந்த ஆணை உரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே அவர் அதை மீறியிருக்க வேண்டும். சாட்சிக்கு அனுப்பிய அழைப்பாணை முகவரி தவறித் திரும்பிவிட்டால், அவர் வராதது இதில் சேராது. கையெழுத்திட்டு வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, விசாரணை நாளன்று வீட்டிலேயே இருந்துவிட்டார் என்றால் சேரும். அரசுக்கு எதிராக மக்களைத் தூண்டும் பேச்சுக்குச் 'செடிஷஸ்' என்றும், தலைமையை எதிர்த்து எழும் படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் 'ம்யூட்டினஸ்' என்றும் தனிச்சொற்கள் இருக்கின்றன. நம் சொல்லுக்கோ கூட்டமே தேவையில்லை. 'ஆணையை வேண்டுமென்றே மதிக்காத' என்று தமிழில் எழுதினால் பெரும்பாலும் பொருந்தும். அன்றாடப் பேச்சில், சொன்னபடி கேட்காத குழந்தையைப் பற்றி இப்படிச் சொன்னால் நகைச்சுவையாகத்தான் முடியும்.

ஒலிக்கும்போது அழுத்தம் 'மே' என்ற இடத்தில் விழும்; 'கான்ட்யுமசி' என்ற பெயர்ச்சொல்லில் அது முதலசைக்குப் போய்விடும். இதனோடு பலரும் குழப்பிக்கொள்ளும் 'கான்ட்யுமீலியஸ்' என்பதற்கு இழிவுபடுத்துகிற என்று பொருள். சட்ட வல்லுநர்களின் எழுத்திலும் இவ்விரண்டும் நெருங்கி வருவதுண்டு. பர்க்கெட் எதிர் ஜேம்ஸ் என்ற ஆங்கில வழக்கில், நீதிமன்றத்தின் கண்டிப்பான ஆணையை மீறுவதையே எடுத்துக்காட்டாகத் தந்த நீதிபதி டிப்ளாக் பிரபு, அத்தகைய தவறுக்குக் 'கான்ட்யுமீலியஸ்' என்ற அடைமொழியைத்தான் எழுதினார்.