வகுப்புக்கு ஒரு பதிவு, தேர்வுக்கு ஒரு பதிவு

அன்புள்ள அக்கா,

கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இ.சி.இ. படிக்கிறேன். ஏழாம் செமஸ்டருக்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பரிமாற்ற மாணவியாகத் தேர்வாகியிருக்கிறேன். அக்டோபரில் வகுப்பு. இப்போது லேர்னிங் அக்ரிமென்ட் என்று ஒரு படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். இங்குள்ள ஆறு பாடத்துக்கும் அங்கே ஈடான பாடம் காட்டினால்தான் கையெழுத்து என்கிறார் எச்.ஓ.டி. போன வருஷம் போய்வந்த சீனியர் ஒரு பட்டியல் கொடுத்தார், அதில் மேனேஜ்மென்ட் எலெக்டிவ் உட்பட நாலு அப்படியே பொருந்துகிறது. மீதி இரண்டு எலெக்டிவுக்கும் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது, கிட்டத்தட்டப் பொருந்துகிற பாடம்தான் கிடைக்கிறது. ஆறும் சேர்ந்து 34 இ.சி.டி.எஸ். புள்ளி (ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் கிரெடிட் கணக்கு) வருகிறது. அதிகமா? எழுதிக் கொடுத்தால் பிறகு மாற்ற முடியாதா? வகுப்புக்குப் பதிவு எப்படி நடக்கும்? நீங்களும் இப்படிப் போனவர் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதனால் கேட்கிறேன்.

ர., கோவை

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். நான் கோட்டை விட்டது அங்கேதான்.

அங்கே வகுப்புக்குப் பதிவு செய்வது ஒன்று, தேர்வுக்குப் பதிவு செய்வது இன்னொன்று. நமக்கு இது சட்டென்று மண்டையில் ஏறாது. இங்கே எக்ஸாம் ஃபீஸ் கட்டவில்லை என்றால் ஆபீஸில் இருந்து ஆள் வரும், ரெப் வாட்ஸப்பில் நச்சரிப்பான், எச்.ஓ.டி. கூப்பிட்டுத் திட்டுவார். அங்கே ஒருவரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் வயதுவந்தவர் என்று நம்பிவிடுகிறார்கள்.

2011 குளிர்காலத்தில் நான் போனபோது, பேச்சொலியைக் கணினி எப்படிப் புரிந்துகொள்கிறது என்று ஒரு வகுப்பு. செமஸ்டர் முழுவதும் ஒரு நாள் தவறவில்லை. பனியில் வழுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட அன்றும் போனேன். ஜனவரிக் கடைசியில் பக்கத்தில் உட்காரும் பையன், "தேர்வுக்கு உனக்கு எந்த ஹால்?" என்று கேட்டான். எனக்கு ஹாலே இல்லை. பதிவு டிசம்பரிலேயே முடிந்திருந்தது. தேர்வு அலுவலகத்துக்கு ஓடினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் காலண்டரை என் பக்கம் திருப்பி, டிசம்பரில் ஒரு தேதியின் மேல் பேனாவை வைத்தார். கோபம்கூட இல்லை அவருக்கு. என் மதிப்பெண் பட்டியலில் அந்த வகுப்பு இல்லவே இல்லை. நோட்டு மட்டும் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது.

தேதிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சில இடங்களில் ஒரே துறைக்குள் பாடத்துக்குப் பாடம் மாறும். பரிமாற்ற மாணவர்களுக்கு இணையத்தில் இல்லாமல் தனிக் காகிதம் இருப்பதும் உண்டு. போய் இறங்கிய வாரமே தேர்வு அலுவலகம் எது என்று கண்டுபிடித்து, "எனக்குப் பதிவு எப்போது, எதில்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்புப் பதிவு அவ்வளவு கொடுமை இல்லை. பெரிய விரிவுரைகளுக்கு இட வரம்பு அநேகமாகக் கிடையாது, போய் உட்கார வேண்டியதுதான். ஆய்வுக்கூடமும் செமினாரும்தான் சீக்கிரம் நிரம்பும். அவற்றுக்கு முன்கூட்டியே பல்கலைக்கழக இணையதளத்தில் விருப்பம் பதிய வேண்டும், அல்லது ஆசிரியருக்கு நேரே ஒரு மின்னஞ்சல். "பரிமாற்ற மாணவி, ஒரு செமஸ்டர் மட்டும் இருப்பேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், பல பேராசிரியர்கள் ஒரு இடம் ஒதுக்கித் தருவார்கள். (எல்லாவற்றையும்விட வேகமாக நிரம்புவது பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவின் பாட்மின்டன் பதிவு. திறந்த சில நிமிடங்களில் காலி. பாடத்துக்குக்கூட நான் அப்படி மடிக்கணினி முன் காத்திருந்ததில்லை.)

தளத்துக்குள் நுழைய மெட்ரிகுலேஷன் எண் வேண்டும். நம்மூரில் மெட்ரிகுலேஷன் என்றால் பள்ளிக்கூடம், அங்கே அது பல்கலைக்கழகம் உங்களுக்குத் தரும் பதிவு எண். மருத்துவக் காப்பீடு சரியானால்தான் சேர்க்கை, சேர்க்கை முடிந்தால்தான் எண், எண் வந்தால்தான் கடவுச்சொல். காப்பீட்டை ஊரிலிருந்தே முடித்துக்கொண்டு போங்கள். அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கிய பிறகும் எண் வராமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

முதல் நாள் வேடிக்கை ஒன்று. பத்து மணி வகுப்புக்கு 9.55க்கே போய்விட்டேன், தமிழ்நாட்டுப் பழக்கம். இருநூறு பேர் உட்காரும் ஹாலில் ஈ காக்கை இல்லை. பத்தாயிற்று, பத்து ஐந்தாயிற்று. அறை மாறிவிட்டோம் போலிருக்கிறது என்று எழுந்து மாடி மாடியாகத் தேடினேன். பத்தே காலைத் தாண்டித் திரும்பி வந்தால் ஹால் நிரம்பி வழிகிறது, பேராசிரியர் இரண்டாவது ஸ்லைடில் இருக்கிறார். அட்டவணையில் நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால், கும் தெம்போரே என்ற லத்தீனின் சுருக்கம் அது, கால் மணி தள்ளித் தொடங்கும் என்று பொருள். எஸ்.டி. என்று இருந்தால் மணி அடித்தாற்போல் ஆரம்பம். 10 முதல் 12 வரை என்று போட்டிருக்கும் வகுப்பு பெரும்பாலும் 10.15க்குத் தொடங்கி 11.45க்கு முடியும். முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். பயப்படாதீர்கள், அதுதான் கைதட்டல்.

இப்போது உங்கள் 34க்கு வருகிறேன். ஆம், அதிகம். செமஸ்டருக்கு 30 என்பதே அங்குள்ளவர்களுக்கு முழுச் சுமை. நம் ஊரில் வாரம் ஒரு மணி நேர வகுப்பை ஒரு கிரெடிட் என்கிறோம். அங்கே புள்ளி என்பது வகுப்பின் அளவு இல்லை, நீங்கள் உழைக்கும் மொத்த நேரத்தின் அளவு. ஜெர்மனியில் ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேரம், பல இடங்களில் 30 என்றே வைத்திருக்கிறார்கள். ஆறு புள்ளிப் பாடம் என்றால் 180 மணி. வாரத்துக்கு 45 நிமிடப் பீரியட் நாலு, பதினைந்து வாரம் என்றால் வகுப்பில் உட்காருவது 45 மணிதான். மிச்சம் 135 மணி நூலகத்திலும் உங்கள் அறையிலும். இன்டர்னல் மார்க் என்று கை கொடுக்கப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, கடைசித் தேர்வு ஒன்றே எல்லாம். அட்டவணையில் செவ்வாய், வெள்ளி காலியாகத் தெரிவதைப் பார்த்து இன்னும் ஒரு பாடம் போடத் தோன்றும். அந்தக் காலி நாட்கள் காலி இல்லை.

நான் என்றால் நாலு பாடம், 20 முதல் 24 புள்ளி. ஆனால் உதவித்தொகை வாங்குகிறீர்கள் என்றால் அதன் விதியில் குறைந்தபட்சப் புள்ளி ஏதேனும் உண்டா என்று முதலில் பாருங்கள்.

படிவத்தை மாற்ற முடியும். மாற்றுவதற்கென்றே தனி அட்டவணை அதனுடன் உண்டு, அங்கே போன பின் பாதிப் பேர் அதைத்தான் நிரப்புகிறார்கள். சீனியரின் பட்டியலை நம்பி இருக்கவேண்டாம். பல பாடங்கள் குளிர்காலத்தில் மட்டும், அல்லது கோடையில் மட்டும் நடக்கும். மாட்யூல் ஹேண்ட்புக் என்கிற பாட விவரக் கையேட்டில் பாடத்துக்குப் பாடம் எந்தப் பருவம், எந்த மொழி, தேர்வு எழுத்தா வாய்மொழியா என்று இருக்கும். மொழி வரியை இரண்டு தடவை படியுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில் இருந்து, ஊபுங் என்கிற பயிற்சி வகுப்பு ஜெர்மனில் நடந்து நான் முழித்த கதை உண்டு. கணக்குப் போடக் கற்றுக்கொள்வதே அந்த ஊபுங்கில்தான்.

எச்.ஓ.டி. கேட்கும் ஈடு பற்றி. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, நாளைக்கு மதிப்பெண் பட்டியலில் அரியர் என்று விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் தலைப்புக்குத் தலைப்பு பொருத்தினால் ஊரிலேயே இருந்திருக்கலாமே. சிலபஸை அச்சிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எலெக்டிவ் இரண்டுக்கும் தலைப்பு ஒத்துப்போக வேண்டாம், துறைக்குள் இருந்தால் போதும்" என்று கேளுங்கள். அநேகமாக ஒப்புக்கொள்வார். புள்ளியை நம் கிரெடிட்டாக எப்படி மாற்றுவார்கள், மதிப்பெண்ணை எப்படி மாற்றுவார்கள் என்பதையும் இப்போதே எழுத்தில் வாங்குங்கள். அங்கே 1.0 மிகச் சிறந்தது, 4.0 தேறியது, 5.0 தோல்வி. நான் 1.7 என்று போனில் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பரவாயில்லம்மா, உடம்பப் பாத்துக்க" என்றார்.

இன்னொன்று, இதை உங்கள் கடிதத்தில் காணோம். வகுப்புகள் பிப்ரவரியில் முடியும், எழுத்துத் தேர்வுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உங்கள் எட்டாம் செமஸ்டர் ஜனவரியிலேயே தொடங்கிவிடும் அல்லவா? பிராஜெக்ட்தான் என்றாலும் முதல் ரிவியூவுக்கு நீங்கள் இருக்கமாட்டீர்கள். தாமதமாக வருவதற்குக் கல்லூரியில் கடிதம் வாங்குங்கள். டிக்கெட்டைத் தேர்வுத் தேதி தெரிந்த பிறகு எடுங்கள். மிகவும் நெருக்கினால் பேராசிரியரிடம் முன்கூட்டியே வாய்மொழித் தேர்வு வைக்க முடியுமா என்று கேட்கலாம், சிலர் வைப்பார்கள். அதையும் நவம்பரில் கேட்க வேண்டும், பிப்ரவரியில் இல்லை.

ஆறில் எந்த இரண்டை விடுவது? மேனேஜ்மென்ட் எலெக்டிவை முதலில். உங்கள் கல்லூரி ஒத்துக்கொண்டால் அதை ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்.பி.டெல்.லில் ஜனவரிச் சுற்றில் முடித்துவிடலாம், வாரப் பயிற்சிகளை அங்கிருந்தே அனுப்பலாம், தேர்வு ஏப்ரல் வாக்கில், அதற்குள் கோவை வந்திருப்பீர்கள். அடுத்ததாக, ஈடு கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்று. எது என்று இப்போது முடிவு செய்யாதீர்கள். முதல் இரண்டு வாரம் இரண்டுக்கும் போய் உட்காருங்கள்.