மிக்கி தானாக வரும், நீங்கள் உட்காருங்கள்

லீவுக்கு டிக்கெட் போட்டவர்களின் கடிதங்கள் குவிந்துவிட்டன. இந்த முறை முக்கால்வாசி கேரக்டர் டைனிங், அதாவது மிக்கி மாதிரி டிஸ்னி வேஷங்கள் மேசைக்கே வரும் சாப்பாடு பற்றித்தான்.

டிஸ்னிலேண்ட் போகிறோம். மிக்கியோடு சாப்பிட எந்த ரெஸ்டாரண்ட் நல்லது? (வேளச்சேரி)

எந்த ஊர் டிஸ்னி? அனாஹெய்ம், ஆர்லாண்டோ, டோக்கியோ, பாரிஸ், ஹாங்காங், ஷாங்காய் என்று 6 ஊர்களில் இருக்கிறது. கோயம்பேட்டில் நின்றுகொண்டு "எந்த பஸ்ஸில் ஏறட்டும்?" என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? ஊர், தேதி, பிள்ளைகளின் வயது மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறைதான் சொல்வது!

சரி, ஹாங்காங் என்றால் டிஸ்னிலேண்ட் ஹோட்டலில் உள்ள என்சாண்டட் கார்டன். ஆர்லாண்டோ என்றால் கன்டெம்பரரி ஹோட்டலில் செஃப் மிக்கீஸ். இரண்டுமே பார்க்குக்கு வெளியே ஹோட்டலில் இருப்பதால் பார்க் டிக்கெட் தேவையில்லை. பார்க் போகாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்லாண்டோவில் பெரியவருக்கு 60, 70 டாலர். வரி, டிப்ஸ் சேர்த்தால் 7,000 ரூபாயைத் தொடும்.

ஆர்லாண்டோவில் 60 நாள் முன்பே புக் செய்ய வேண்டுமாமே. இங்கிருந்து நடுராத்திரி விழித்திருக்க வேண்டுமா? (குரோம்பேட்டை)

வேண்டாம், இது நமக்குச் சாதகம். அங்கே காலை 6 மணிக்கு புக்கிங் திறக்கும். அமெரிக்கக் கோடையில் அது நமக்கு மதியம் 3.30, குளிர்காலத்தில் 4.30. அங்கே இருப்பவர்கள் தூக்கக் கலக்கத்தில் போனைத் தடவும்போது நீங்கள் காபி குடித்தபடி புக் செய்யலாம். முதலில் தீருவது பார்க்கின் கோட்டைக்குள் இருக்கும் சிண்ட்ரெல்லா ராயல் டேபிள் ரெஸ்டாரண்ட். டிஸ்னி ஹோட்டலிலேயே தங்குபவர்கள், தங்கும் நாட்களுக்கு (10 நாள் வரை) ஒரே நாளில் புக் செய்துவிடலாம். புக் செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் தலைக்கு 10 டாலர் போகும்.

பையனுக்கு 10 வயது. பார்க்கச் சின்னவனாக இருப்பான். சைல்டு ரேட்டில் போட்டுவிடலாமா? (பெரம்பூர்)

ஆர்லாண்டோவில் 3 முதல் 9 வரைதான் குழந்தை. 3 வயதுக்குக் கீழே காசு இல்லை. ஹாங்காங்கில் 11 வரை குழந்தை. எந்த ஊர் என்று நீங்களும் எழுதவில்லை. ரயிலில் அரை டிக்கெட்டுக்குச் செய்கிற வேலையை அங்கே செய்யாதீர்கள். "வயசு என்ன?" என்று யாராவது கேட்டால் பையனே பெருமையாக "டென்" என்பான்.

அஞ்சு கேரக்டர் என்றார்கள். எங்களுக்கு இரண்டுதான் கிடைத்தது. ஏமாற்றிவிட்டார்கள். (அண்ணா நகர்)

மற்ற மூன்றும் வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? பஃபே வரிசையில். அவை மேசை மேசையாகச் சுற்றி வரும், வரிசையில் நிற்க வைப்பதில்லை. காசு கொடுப்பதே அதற்குத்தான். ஒருவர் மாற்றி ஒருவர் தட்டு எடுக்கப் போங்கள், மற்றவர்கள் உட்காருங்கள். ஒன்று தவறிவிட்டால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், அடுத்த சுற்றில் வரும்.

மகளுக்கு 3 வயது. மாலில் கரடி வேஷக்காரரைப் பார்த்தே அலறினாள். இவ்வளவு செலவு செய்து போட்டோ இல்லாமல் திரும்ப முடியுமா? எப்படிப் பழக்குவது? (மடிப்பாக்கம்)

அம்மா, ஒன்று கேட்கிறேன். இரண்டு வருஷமாகச் சோறு ஊட்டும்போது என்ன சொன்னீர்கள்? "சாப்பிடலைன்னா பூச்சாண்டி வந்துடுவான்." இப்போது அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, பெரிய தலையும் அசையாத கண்ணுமாக ஒன்று மேசைக்கே வந்து நிற்கிறது. அதுவும் பேசாது. குழந்தை வேறு என்னதான் நினைக்கும்?

நானும் யோக்கியன் இல்லை. என் மகனுக்கு 3 வயது. ஹாங்காங்கில் காலைச் சாப்பாடு. மிக்கியின் நாய் புளூட்டோ வந்ததும், என் சட்டையைப் பற்றியிருந்த அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனை நீட்டினேன். அவனுடைய இன்னொரு கையில் மிக்கி வடிவ வாஃபிளின் காது. அதன் பாகெல்லாம் என் தோளில். மனைவி போனைத் தூக்கிப் பிடித்து "இங்க பாருடா, இங்க பாரு" என்கிறாள். அவன் கத்திய கத்தலில் பக்கத்து மேசையில் கரண்டிகள் நின்றன. புளூட்டோதான் எங்களைவிட விவரம். இரண்டடி பின்னால் போய், மண்டி போட்டு, இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டது. மெல்ல ஒரு கையை எடுத்தது, திரும்பப் பொத்தியது. நாலாவது தடவை என் தோளுக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான். தொடவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. போட்டோவில் இருப்பது அவன் பின்மண்டையும் புளூட்டோவின் ஒரு காதும். அதைத்தான் பிரேம் போட்டு வைத்திருக்கிறோம்.

அதனால் பழக்க வேண்டாம். போகிற வரை பூச்சாண்டியை நிறுத்துங்கள். அவளைச் சுவர்ப்பக்க நாற்காலியில், உங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார வையுங்கள். கேரக்டர் பக்கத்து மேசையில் இருக்கும்போதே காட்டுங்கள். பயந்தால் பரிமாறுபவரிடம் சொல்லுங்கள், தூரத்திலேயே கையாட்டிவிட்டுப் போய்விடும். தாத்தாக்களையும் கொஞ்சம் கவனியுங்கள். விஜிபி பார்க்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க என்னென்னவோ சேட்டை செய்து வளர்ந்த தலைமுறை அது. வாலைப் பிடித்து இழுத்து "உள்ளே ஆள் இருக்குடா" என்று பேரனுக்கு நிரூபிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நாங்கள் முட்டைகூடச் சாப்பிட மாட்டோம். பட்டினிதானா? (மயிலாப்பூர்)

இல்லை. ஆனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். முட்டை, மீன் சாஸ், எலும்பு வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், புக் செய்யும்போதும் மேசையிலும். வாஃபிள் மாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். ஹாங்காங்கில் கஞ்சியைப் பார்த்ததும் நம்ம ஊர்க் கஞ்சி என்று ஓடாதீர்கள், கறி கலந்திருக்கலாம், கேட்டுவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

மனைவி இளவரசி கவுன் போட்டு வர ஆசைப்படுகிறாள். (போரூர்)

14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆர்லாண்டோ பார்க்கில் வேஷம் போட்டு வரக்கூடாது. பட்டுப்புடவை வேஷமில்லை.

ஆட்டோகிராஃபுக்கு எந்தப் பேனா? (அடையாறு)

குண்டுப் பேனா. கேரக்டரின் கையுறைக்குள் ஒல்லிப் பேனா நிற்காது. பக்கத்து மேசைக்கு வந்ததுமே மூடியைக் கழற்றி வையுங்கள்.

"அவசரம், உடனே பதில்" என்று எழுதிய தாம்பரம் வாசகர், தேதியை எழுதினால் பதில் உண்டு.