தம்பியிடம் கேட்டது தப்பா?

கேள்வி: என் தம்பி 112 கிலோவிலிருந்து 78 கிலோவுக்கு இறங்கினான். ஊரே பாராட்டியது. இரண்டே வருடத்தில் 98. "வாயைக் கட்ட முடியாதவனுக்கு எதற்கு இந்த வேஷம்?" என்று கேட்டேன். பேச்சையே நிறுத்திவிட்டான். நான் கேட்டது தப்பா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: தப்புதான். 34 கிலோவைக் குறைத்தவருக்கு வாயைக் கட்டத் தெரியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

'தி பிக்கஸ்ட் லூசர்' என்று அமெரிக்காவில் ஒரு டி.வி. போட்டி. அதில் 2009 சீசனில் எடை குறைத்த 14 பேரை, அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு ஆறு ஆண்டு கழித்து மறுபடி சோதித்தது. 30 வாரத்தில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்தவர்கள். அதில் 41 கிலோ திரும்பிவிட்டது. என்னை உலுக்கியது அதுவல்ல. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்த சக்தி, அந்த எடைக்கு இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவு. எடை ஏறிய பிறகும் அது சரியாகவில்லை. பக்கத்தில் அதே எடையில் இருப்பவர் மூன்று வேளை சாப்பிட்டால், இவர்கள் கிட்டத்தட்ட ஒரு வேளையை விட வேண்டும். அதுவும் கூடுதல் பசியோடு. கொழுப்பு கரைந்தால் 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்னில் 50 பேரிடம் செய்த ஆய்வில் ஓராண்டு கழித்தும் இந்தப் பசி அடங்கவில்லை.

இறங்கும்போது சட்டை தொளதொளக்கும், பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிப்பார்கள். இறங்கிய பிறகு ஒவ்வொரு நாளும் பசியை அடக்கி அதே எடையில் நிற்பவரிடம், "இந்த மாதமும் ஏறவில்லையே!" என்று நம்மில் யார் சொன்னோம்? நீங்கள் சொன்னீர்களா?

எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கும், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிறது. அவரை யாரும் வேஷக்காரர் என்பதில்லை. உடல் பருமனும் நாள்பட்ட நோய்தான், வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டியது.

எல்லாம் விதி என்றும் நான் சொல்லவில்லை. அதே 14 பேரில் எடையை ஓரளவு காப்பாற்றியவர்கள், உடலுழைப்பை மற்றவர்களைவிட வெகுவாகக் கூட்டியவர்கள். டாக்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் உதவும்.

ஒரு கணக்கை நீங்கள் போடவேயில்லை. 112-ல் தொடங்கியவர் 98-ல் இருக்கிறார். 14 கிலோ இன்னும் திரும்பவில்லை. எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது என்கிறது மருத்துவம். உங்கள் தம்பி 12 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

முதலில் போய் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு, அவர் சம்மதித்தால், காலையில் கூடவே நடக்கப் போங்கள். வழியில் எடையைப் பற்றிப் பேச வேண்டாம்.