மேப்பிள் சிவப்பைச் சுவருக்குக் கொண்டுவருவது எப்படி? கேள்வி பதில்

கனடாவின் ஒன்டாரியோவில் மரங்கள் நிறம் மாறத் தொடங்கியதும் என்னிடம் வரும் கேள்விகள் வருடா வருடம் ஏறக்குறைய ஒன்றுதான். எப்போது போவது, எடுத்த படம் ஏன் நேரில் பார்த்த மாதிரி இல்லை, பிரிண்ட் போட்டால் ஏன் இருண்டு போகிறது? படம் எடுப்பது என் தொழில் இல்லை. ஆனால் 18 வருடங்களாக இந்தக் காடுகளில் சுற்றி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் பத்துப் படமாவது அச்சில் போட்டுப் பார்த்துவிடுவேன். திரையில் கண்ணுக்குத் தப்பிய பிழைகளை எல்லாம் எனக்குக் காட்டிக் கொடுத்தது அந்தக் காகிதம்தான்.

கேள்வி (பிராம்ப்டன்): அக்கா, ஆல்கான்குவின் பூங்காவுக்கு எந்த வாரம் போகலாம்? போன வருடம் அக்டோபர் நடுவில் போனோம். சிவப்பு ஒன்றுமே இல்லை, எல்லாம் உதிர்ந்து கிடந்தது.

சிவப்பு வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும்தான். அங்கே அந்தச் செம்மையைத் தருவது பெரும்பாலும் சுகர் மேப்பிள். அது முந்திக்கொள்ளும், முந்தியே உதிர்ந்தும் விடும். நீங்கள் போன சமயத்தில் ஆஸ்பென், பிர்ச் மரங்களின் மஞ்சள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். இன்னும் சில நாள் கழித்துப் போயிருந்தால் டாமராக் பொன்னிறமாக நின்றிருக்கும். டாமராக் ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்துக்கு முன் ஊசிகளை எல்லாம் உதிர்த்துவிடும். சதுப்பு நிலத்தில் கறுத்த ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவில் அது மட்டும் விளக்கேற்றிய மாதிரி நிற்கும். மேப்பிள் கூட்டம் கலைந்தபின் அதற்காகவே நான் இன்னொரு தடவை போவேன்.

மஞ்சள் வருடா வருடம் தவறாது, சிவப்பு அப்படி இல்லை. மஞ்சள் நிறமி கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு நிறமியான ஆந்தோசயனினை இலை தன்னிடம் தேங்கிய சர்க்கரையைக் கொண்டு கடைசி நாட்களில்தான் உண்டாக்குகிறது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறைபனி இல்லாத குளிரும் தொடர்ந்து கிடைத்தால் சிவப்பு கூடும். மேகமூட்டமாகவே போனால் மங்கிவிடும். அதனால் பழைய படத்தைப் பார்த்து அதே சிவப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

பூங்காவுக்குள் 60-ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் ஓடுகிறது. வார இறுதியில் அது கார்களால் நிரம்பி வழியும், அனுமதிச் சீட்டும் தீர்ந்துவிடும். முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முடிந்தால் வார நாளில் ஒரு லீவு போட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி (ஸ்காபரோ): அக்கா, என்னட்ட கார் இல்லை. பக்கத்தில எங்க போகலாம்?

உங்கள் வாசலிலேயே ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறதே! மிருகக்காட்சிசாலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறுங்கள், பக்கத்திலேயே நடைபாதைகள் தொடங்கும். ஹை பார்க்குக்கு சப்வேயிலேயே போய் இறங்கலாம். டொராண்டோவில் நிறம் ஆல்கான்குவினை விடத் தாமதம். அக்டோபர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை பாருங்கள். அக்டோபர் நடுவில் சூரியன் உதிப்பது காலை ஏழரை மணி வாக்கில். முதல் பஸ்ஸைப் பிடித்தாலே விடியல் வெளிச்சம் கிடைத்துவிடும். கோடையில் இந்த வசதி கிடையாது.

கேள்வி (மிசிசாகா): ஆல்கான்குவினில் லுக்அவுட் டிரெயில் என்ற மலைப்பாதையில் ஏறிப் பார்த்தபோது பேச்சே வரவில்லை. படத்தில் பார்த்தால் கலர் கோலப்பொடியைக் கொட்டிக் கலைத்த மாதிரி இருக்கிறது. கேமரா பிரச்சினையா?

கேமராவில் ஒன்றும் இல்லை. அந்தப் பாறை மேல் நிற்கும்போது உங்கள் கண் ஒரு சிவப்பு மரத்தில் நிற்கும், அப்புறம் ஏரிக்குத் தாவும், அப்புறம் தூரத்து மலைக்குப் போகும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரசித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைத்துவிட்டீர்கள். எங்கே முதலில் பார்ப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை.

அங்கே நான் அகன்ற லென்ஸைப் பையிலேயே விட்டுவிடுவேன். தூரத்தைக் கிட்ட இழுத்துக் காட்டும் 70-200 போன்ற லென்ஸை எடுத்து, காட்டின் ஒரு துண்டை மட்டும் தேடுவேன். முக்கியமாக நான் தேடுவது நிறத்தை இல்லை, இருட்டை. பைன், ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் எங்கே கறுத்து நிற்கின்றன என்று பார்த்து, அந்தக் கறுப்புக்கு முன்னால் எந்த மரம் எரிகிறது என்று பார்ப்பேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இது சட்டென்று தெரியும். போனை கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. சிவப்பு மேப்பிளும் பக்கத்துப் பச்சை மரமும் பல நேரம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரியும். கலரில் அவை அடித்துப் பிடித்து நிற்கும், அச்சில் போட்டால் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். மஞ்சள் பிர்ச் கறுத்த ஹெம்லாக் அடிமரங்களுக்கு முன்னால் நின்றால் கறுப்பு வெள்ளையிலும் பிரிந்து நிற்கும். அதுதான் காகிதத்தில் உயிரோடு இருக்கும்.

அப்புறம் வானம். மேகமூட்டமான நாளில் இலைகளின் நிறம் அருமையாக வரும், ஆனால் வானம் வெறும் வெள்ளை. படத்தின் மேல் விளிம்பில் அந்த வெள்ளை ஒரு கீற்று இருந்தாலும் கண் அங்கேதான் போகும். அச்சில் அந்த இடத்தில் மை விழாமல் வெறும் காகிதம் தெரியும். கேமராவைக் கொஞ்சம் தாழ்த்தி வானத்தை முழுக்க விலக்கிவிடுங்கள்.

ஷட்டரை அழுத்தும் முன் நான்கு விளிம்பையும் ஒரு சுற்று பார்க்கும் பழக்கம் வேண்டும். பாதியில் வெட்டுப்பட்ட கிளை, மூலையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி, வெளிச்சமான ஒரு புள்ளி. போனில் இவை கண்ணில் படாது. 16க்கு 24 அங்குலத்தில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டிய பிறகு தினமும் அந்தக் குச்சியைத்தான் பார்ப்பீர்கள்.

இதைக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல வழி, கனடிய ஓவியர் டாம் தாம்சனின் ஓவியங்களை நேரில் பார்ப்பது. 1912 முதல் 1917-இல் இறக்கும் வரை ஆல்கான்குவினைத் திரும்பத் திரும்ப வரைந்தவர் அவர். காட்டிலேயே உட்கார்ந்து அவர் தீட்டியவை பெரும்பாலும் எட்டரைக்குப் பத்தரை அங்குலச் சின்னப் பலகைகள், நம் 8க்கு 10 பிரிண்ட் அளவுதான். டொராண்டோவில் ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோவிலும் கிளைன்பர்க்கில் மெக்மைக்கேல் கலைக்கூடத்திலும் இருக்கின்றன. அத்தனை சின்ன இடத்தில் எதை எல்லாம் விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கேள்வி (ஒட்டாவா): 8க்கு 10 பிரிண்டுக்குக் கொடுத்தேன். ஓரத்தில் இருந்த படகு பாதி காணவில்லை. லேபில் கேட்டால் "அப்படித்தான் வரும்" என்கிறார்கள்.

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது. என் முதல் பெரிய பிரிண்டில் இதேதான் நடந்தது. பனி விலகும் ஏரி, இடது ஓரத்தில் ஒற்றை மேப்பிள், வலது ஓரத்தில் அதன் நிழல் விழுந்த பாறை. இரண்டையும் விளிம்பு வரை இறுக்கி எடுத்திருந்தேன். உறையைப் பிரித்தால் மரத்தில் பாதிதான் இருந்தது. அந்தக் காலை திரும்ப வரவே இல்லை.

காரணம் எளிய கணக்கு. லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமராக்கள் பெரும்பாலும் 3க்கு 2 விகிதத்தில் படம் எடுக்கின்றன. அதை எட்டு அங்குல அகலத்துக்குக் கொண்டுவந்தால் நீளம் 12 அங்குலம் வரும். காகிதம் 10 அங்குலம்தான். இரண்டு அங்குலம் எங்கே போகும்? வெட்டித்தான் ஆக வேண்டும். 11க்கு 14-இல் இரண்டரை அங்குலம் போகும். முழுப் படமும் வேண்டுமென்றால் 8க்கு 12, 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30 என்று கேளுங்கள். போன் படம் பெரும்பாலும் 4க்கு 3. அதற்கு 9க்கு 12, 12க்கு 16, 18க்கு 24 பொருந்தும்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் ஃபிரேம்களில் 8க்கு 10, 11க்கு 14, 16க்கு 20 நிறைய உண்டு. அதனால் எல்லோரும் அதற்கே போகிறார்கள். தப்பில்லை, ஆனால் அதைக் காட்டில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டும். பல கேமராக்களில் 5க்கு 4 கோடுகளைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு அடி பின்னால் போய், முக்கியமான எதுவும் ஓரத்தில் ஒட்டாதபடி எடுங்கள். நான் இப்போது நல்ல காட்சி கிடைத்தால் இறுக்கமாக ஒன்று, தாராளமாக ஒன்று என்று இரண்டு எடுக்கிறேன். சுவருக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வெள்ளை அட்டை வைப்பார்கள். அதுவும் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் வரை மூடும். கேன்வாஸில் போட்டால் ஓரங்கள் மரச்சட்டத்தின் பக்கவாட்டில் மடிந்து போகும். தடித்த சட்டமென்றால் ஒன்றரை அங்குலம் வரை. கேன்வாஸ் எண்ணம் இருந்தால் இன்னும் தாராளமாக விடுங்கள்.

கேள்வி (மார்க்கம்): போனில் எடுத்ததை எவ்வளவு பெரிதாகப் போடலாம்?

12 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 4000க்கு 3000 புள்ளிகள். கையில் வைத்துப் பார்க்கும் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அந்தக் கணக்கில் 13க்கு 10 அங்குலம் தாராளமாக வரும். நாலடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 போதும், 20க்கு 15 வரை போகலாம். ஜூம் செய்து எடுத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. காட்டுப் படத்தில் ஆயிரக்கணக்கான சின்ன இலைகள் இருப்பதால் தெளிவு குறைந்தால் முகப் படத்தை விடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி அதை பிரிண்ட் போடாதீர்கள். அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கேள்வி (வாட்டர்லூ): சிவப்பு மரம் அச்சில் ஒரே சாந்துப்பொட்டு மாதிரி அப்பிக்கொண்டு வருகிறது. இலை இலையாகத் தெரியவில்லை.

கேமராவின் பொதுவான ஹிஸ்டோகிராம் (இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) "எல்லாம் சரி" என்று சொன்னாலும், சிவப்பு மட்டும் உச்சியில் முட்டி நின்றிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். சிவப்பு வலது ஓரத்தில் இடித்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கேமரா சுருக்காமல் அப்படியே சேமிக்கும் ரா ஃபைலில் எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றும் கை ஒன்று எல்லோருக்கும் உண்டு. திரை காட்டுகிற சிவப்பு, ஆரஞ்சு எல்லாவற்றையும் மையால் காட்ட முடியாது. மையின் எல்லையைத் தாண்டியது எல்லாம் ஒரே நிறமாக ஒட்டிக்கொள்ளும், இலை நரம்பு மறைந்துவிடும். சாச்சுரேஷனைக் குறைத்தால் இலைகள் திரும்ப வரும். அந்த லேபின் காகிதம் எந்த நிறங்களைக் காட்டும் என்று சொல்லும் புரொஃபைல் ஃபைலை வாங்கி, அச்சில் எப்படி வரும் என்று மென்பொருளில் முன்கூட்டியே (சாஃப்ட் புரூஃப்) பார்த்துவிட்டு அனுப்புவது இன்னும் நல்லது.

கேமரா தானே நிறத்தைச் சமன்செய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸையும் விட்டுவிடுங்கள். படம் முழுக்க மஞ்சளாக இருந்தால் அது எதையோ சரிசெய்வதாக நினைத்து அந்தக் கதகதப்பையே எடுத்துவிடும். டேலைட் வையுங்கள்.

கேள்வி (அதே வாசகர்): போலரைசர் வாங்கத்தான் வேண்டுமா?

இலையுதிர் காலத்துக்கு லென்ஸ் முன்னால் மாட்ட ஒரே ஒரு ஃபில்டர் வாங்கலாம் என்றால், பளபளப்பைக் குறைக்கும் அதுதான். மழை விட்டதும் ரூஜில் பாசி படிந்த கட்டை மேல் ஒரு மேப்பிள் இலை கிடந்தது. ஈரத்தில் மேலே வானத்தின் வெள்ளை பூசியிருந்ததால் இலை சிவப்பா சாம்பலா என்றே தெரியவில்லை. மண்டியிட்டு, ஃபில்டர் வளையத்தை மெதுவாகத் திருப்பினேன். கால் சுற்றுக்குள் அந்த வெள்ளை வடிந்தது. அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது, நடு நரம்பு பச்சையாகவே இருந்தது தெரிந்தது, நுனியில் ஒரு துளி நீர். இந்த வேலையை எந்த மென்பொருளாலும் பின்னால் செய்ய முடியாது, அந்த வெள்ளைக்கு அடியில் படத்தில் எதுவும் பதிவாகியிருக்காது.

ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) அது தின்றுவிடும் என்பதால் முக்காலி எடுத்துப் போங்கள். ஏரியில் பிரதிபலிப்பு வேண்டுமானால் முழுக்கத் திருப்பாதீர்கள், அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

கேள்வி (லண்டன், ஒன்டாரியோ): பிரிண்ட் எப்போதும் இருட்டாக வருகிறது.

உங்கள் திரை அதிக வெளிச்சமாக இருக்கிறது. திரை தானே ஒளிரும். காகிதம் அறையில் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்கி, ஒரு வெள்ளைத் தாளை விளக்கடியில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்து வரும்போது படத்தைத் திருத்துங்கள். பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு சின்ன சோதனை பிரிண்ட் போட்டு, படம் மாட்டப்போகும் சுவரிலேயே ஒட்டிப் பாருங்கள்.

கேள்வி (ஹாமில்டன்): மேட் காகிதமா, பளபளப்பா?

ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் என்றால் பளபளப்பு வேண்டாம், ஜன்னல்தான் தெரியும். பனி மூடிய காலை, மென்மையான நிறங்கள் என்றால் மேட். கறுத்த ஸ்ப்ரூஸும் எரியும் மேப்பிளும் சேர்ந்த படத்துக்கு மேட் காகிதத்தில் கறுப்பு அவ்வளவு ஆழமாக வராது. இரண்டுக்கும் நடுவான லஸ்டர் எடுங்கள். என் வீட்டில் முக்கால்வாசி லஸ்டர்தான்.

கேள்வி (பிராம்ப்டன்): காட்டெருமை மாதிரி பெரிய மூஸ் மான் சாலையோரம் நின்றது. கிட்டப் போய் எடுக்கலாமா?

கூடாது. செப்டம்பர், அக்டோபர் அவற்றின் இணை சேரும் பருவம். ஆண் மூஸ் எந்த நேரமும் பாயலாம். காருக்குப் பக்கத்திலேயே இருந்து நீள லென்ஸில் எடுங்கள். குழந்தைகளை இறக்காதீர்கள். டிரோனும் வேண்டாம், மாகாணப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது.

கேள்வி (தஞ்சாவூர்): அக்கா, எங்கள் ஊரில் இலையுதிர் காலமே இல்லையே, நாங்கள் என்ன செய்ய?

தெருவில் நாட்டு வாதுமை மரம் இருக்கிறதா பாருங்கள், பள்ளிக்கூடங்களில் பாதாம் மரம் என்பார்களே, அது. உதிர்வதற்கு முன் அதன் பெரிய இலைகள் நல்ல சிவப்பாகும். காலை வெயில் பின்னால் இருந்து வரும்படி நின்று, ஒரே ஒரு இலையை மட்டும் எடுங்கள். நான் முதலில் படமெடுத்த சிவப்பு இலை மேப்பிள் இல்லை, எங்கள் பள்ளி மைதானத்து வாதுமைதான்.

கேள்வி (ஏஜாக்ஸ்): 600 படம் எடுத்துவிட்டேன். சுவருக்கு ஒன்றுதான் போட முடியும். எப்படித் தேர்ந்தெடுப்பது?

பத்துப் படத்தை 4க்கு 6 அளவில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இரண்டு வாரம் போகட்டும். காபி போடும்போது, பால் எடுக்கும்போது கண்ணில் படும். முதல் நாள் பிரமாதமாக இருந்த சூரிய அஸ்தமனம் நாலு நாளில் அலுத்துவிடலாம். நீங்கள் கணக்கிலேயே எடுக்காத ஒன்றின் முன்னால் கை தானாக நிற்கும். அலுத்ததைக் கழற்றிக்கொண்டே வாருங்கள். கடைசியில் இரண்டு மிஞ்சினால் வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். என் வரவேற்பறையில் இப்போது இருக்கும் டாமராக் படம் என் அம்மா கழற்ற விடாமல் வைத்திருந்தது.