ஸ்டேட்டின் மாத்திரை கொழுப்பை மட்டும்தான் குறைக்குமா?

கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கும் மாத்திரைதான் ஸ்டேட்டின். ஆனால் அது ரத்தக்குழாயின் அழற்சியையும் தணிக்கிறது.

காலில் முள் ஏறினால் சுற்றிலும் சிவந்து வீங்கும், இல்லையா? குழாய்ச் சுவருக்குள் புகும் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பும் அப்படி ஒரு முள்தான். அதை விழுங்க வெள்ளையணுக்கள் கூடுகின்றன, அந்த இடம் அழன்று புண்போல ஆகிறது. கொழுப்புப் படிவின் மேல்மூடி மெலிந்து கிழிந்தால் ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது. சின்ன அடைப்பிலும் இது நடக்கலாம், அதுதான் பயம்.

2008இல் வெளியான ஜூபிடர் ஆய்வில், எல்டிஎல் அதிகமில்லாமல், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற ரத்தப் புரதம் மட்டும் கூடியிருந்த 17,802 பேர் இருந்தார்கள். ரோசுவாஸ்டேட்டின் எடுத்தவர்களுக்கு சிஆர்பி 37 சதவீதம் குறைந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன. எல்டிஎல்லும் கூடவே பாதியானதால், பலன் முழுவதும் அழற்சி தணிந்ததால்தான் என்று சொல்லிவிட முடியாது.

சரி, அழற்சி மருந்துதானே என்று வலி மாத்திரைபோல எப்போதாவது போட்டுக்கொள்ள முடியாது. மருத்துவர் சொன்னபடி தினமும் எடுத்தால்தான் வேலை செய்யும்.