பழத்திலிருந்து எடுத்த பப்பாசி விதை ஏன் முளைப்பதில்லை?

வாங்கிய பப்பாசிப் பழத்தின் விதையைச் சாடியில் போட்டு ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை, கொழும்பு வெள்ளவத்தையில் பல்கனி மட்டும்தான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் விதையில் பிழையிராது. அதைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையோடு நட்டிருப்பீர்கள். முளைப்பதைத் தடுக்கும் பொருட்கள் அந்த உறையில்தான் இருக்கின்றன.

நன்கு பழுத்த பழத்தில் கறுத்த விதைகளை மட்டும் எடுங்கள். வெள்ளை விதை முற்றாதது. வடியில் போட்டு, குழாய்த் தண்ணீரின் கீழ் விரலால் அழுத்தித் தேயுங்கள். உறை வெடித்து வழுக்கிப் போனதும் சொரசொரப்பான, சுருக்கம் விழுந்த ஓடு கையில் தட்டுப்படும். பிறகு தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கழித்துவிடுங்கள். பூவில் மகரந்தம் சேர்ந்து சூல்வித்து கருக்கட்டினால்தான் உள்ளே முளையமும் அதற்கு உணவான வித்தகவிழையமும் உண்டாகும். மிதப்பவை பெரும்பாலும் வெறும் ஓடு. மிச்சத்தைக் கடதாசியில் பரப்பி ஒரு நாள் நிழலில் உலர்த்துங்கள். மொட்டைமாடி வெயில் வேண்டாம்.

மேல்மண், தும்புத்தூள், கூட்டெரு மூன்றும் சம பங்கு. அடியில் துளையிட்ட பொலித்தீன் பையில் 1 செ.மீ. ஆழத்தில் 3 விதை. 2 முதல் 4 கிழமையில் வளைந்த தண்டு மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். முதலில் விரியும் வித்திலையில் ஓடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், தண்ணீர் தெளித்தால் தானாகக் கழன்றுவிடும்.

கொழும்பில் கன்றைக் கொல்வது ஈரம்தான். ஒக்டோபர், நவம்பர் மழையில் பை ஊறிக்கொண்டேயிருந்தால் பூஞ்சணம் பிடித்து, மண் மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து கன்று சாய்ந்துவிடும். அது பிழைக்காது. தூவானம் படாத இடத்தில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே ஊற்றுங்கள்.

எந்தப் பழத்து விதை என்பதும் முக்கியம். நீளப் பழம், ஒரே பூவில் ஆண், பெண் இரு பாகமும் உள்ள இருபால் மரத்தில் காய்த்தது. அது தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டியிருந்தால் மூன்றில் இரண்டு கன்று இருபாலாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும், ஆண் மரமே வராது. உருண்டைப் பழம் பெண் மரத்தது. ஆண் மரத்து மகரந்தம் சேர்ந்திருந்தால் பாதிக் கன்றுகள் காய்க்காத ஆண். இடம் குறைந்த பல்கனிக்கு நீளப் பழமே நல்லது. ரெட் லேடி என்ற பப்பாசி வகை கலப்பினம் என்பதால் அதன் விதைக் கன்று தாயைப் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கன்று ஒரு சாண் உயர்ந்ததும் வேரைச் சுற்றிய மண் உடையாமல் பையைக் கிழித்து, 50 லீற்றருக்குக் குறையாத சாடிக்கு மாற்றுங்கள்.