பட்டறைப் பதில்கள்: பேனா உலோகத்துக்கு நிறம் ஏற்றுவது

பெங்களூரில் கையால் பேனா செய்யும் வாசகர்களிடமிருந்து வந்த நான்கு கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: டைட்டானியம் பேனா உடலை ஆப்பசோடா கரைசலில் முக்கி 28 வோல்ட் கொடுத்தேன். நீலம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கிறது. எத்தனை வோல்ட்டில் சிவப்பு வரும்?
– வாசகர், ராஜாஜிநகர்

பதில்: சிவப்பு வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். இதில் சாயமே கிடையாது. மின்சாரம் பாயும்போது டைட்டானியத்தின் மேல் ஒளி ஊடுருவும் ஆக்ஸைடு படலம் ஒன்று வளர்கிறது. மழை ரோட்டில் சிந்திய பெட்ரோல் பல நிறம் காட்டுகிறதே, அதே கணக்கு: படலத்தின் கனம்தான் நிறம், கனத்தைத் தீர்மானிப்பது வோல்ட். உத்தேசமாக 15இல் தவிட்டு நிறம், 20 தாண்டினால் ஊதா, 27 முதல் 30 வரை நீலம், 40இல் வெளிர் நீலம், 55 பக்கம் பொன் மஞ்சள், 65–70இல் ரோஸ், 85 பக்கம் மயில் கழுத்து நிறம், 100ஐ நெருங்கினால் பச்சை. கிரேடு 2 (கலப்பில்லாத டைட்டானியம்), கிரேடு 5 (டைட்டானியக் கலவை) இரண்டும் ஒரே வோல்ட்டில் ஒரே நிறம் காட்டாது. அதே உருளையிலிருந்து வெட்டிய துண்டு ஒன்றில் முதலில் பார்த்துவிடுங்கள்.

திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். 600, 800, 1200 என்று எமரி தாளில் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, அசிட்டோனில் துடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும். போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்புத் தடம் விழும். அலசி எடுத்ததும் தண்ணீர் ஒரே விரிப்பாகப் படிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இன்னும் போகவில்லை, மறுபடி கழுவுங்கள். அதன் பிறகு வெறும் கையால் தொடக் கூடாது.

எந்தக் கம்பியில் தொங்கவிட்டீர்கள் என்று எழுதவில்லை. செம்புக் கம்பியோ முதலை வாய்க் கிளிப்போ கரைசலுக்குள் போயிருந்தால் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும், செம்பும் கரையும். உள்ளே முங்குவது டைட்டானியம் கம்பியாக மட்டும் இருக்கட்டும். அதைப் பேனாவின் உட்புற மரையில் இறுக்கமாகச் செருகினால் தொடும் இடம் வெளியே தெரியாது. பேனா பாசிட்டிவ், நெகட்டிவுக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் தகடு, இரண்டும் உரசாமல். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா போதும். ஒரு முனை அடைத்த உடலானால் சாய்த்து இறக்குங்கள். உள்ளே காற்று சிக்கினால் அந்த இடம் வெளுப்பாகவே நிற்கும்.

இரண்டு நிறப் பட்டை வேண்டுமானால் அதிக வோல்ட் நிறம்தான் முதலில். மற்ற இடத்தை நகப்பூச்சால் மூடி 55 வோல்ட்டில் பொன் நிறம் ஏற்றி, பூச்சை அசிட்டோனில் எடுத்துவிட்டு 28க்கு இறக்கினால், மூடியிருந்த இடம் மட்டும் நீலமாகும். கனமான படலத்தைக் குறைந்த வோல்ட் ஒன்றும் செய்யாது. மாற்றிச் செய்தால் பொன் நிறம் நீலத்தை விழுங்கிவிடும். பிறகு எமரி தாள்தான் கதி.

எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை 30 வோல்ட்டோடு நின்றுவிடும். 9 வோல்ட் பேட்டரி ஆறைத் தொடராகக் கோத்தால் 54 வரும். அதற்கு மேல் போனால் ஷாக் விளையாட்டல்ல: ரப்பர் கையுறை போடுங்கள், மின்சாரம் இருக்கும்போது கையைக் கரைசலுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: பித்தளைக் குழாய்ப் பேனாவை அம்மோனியா ஆவியில் வைத்துக் கறுப்பாக்கினேன். அழகாக வந்தது. சில வாரத்தில் நீளவாக்கில் விரிசல் விட்டுவிட்டது.
– வாசகி, அல்சூர்

பதில்: வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் தாமாக விரிசல் விட்டன. குதிரை லாயத்து அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்த வேலை அது. 1920களின் தொடக்கத்தில்தான் காரணம் பிடிபட்டது. இழுத்துச் செய்த குழாயின் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டதும் அது விரிசலாக வெளிப்படும். கனமான கம்பியைக் கடைந்து செய்த பேனாவில் இந்த ஆபத்து குறைவு.

மெல்லிய குழாய்தான் வேண்டுமென்றால் அம்மோனியாவை மறந்துவிடுங்கள். பழுப்பு போதுமென்றால், சர்க்யூட் போர்டு அரிக்க விற்கும் ஃபெரிக் குளோரைடை பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து பஞ்சால் தடவுங்கள். நிறம் பிடித்ததும் ஆப்பசோடா தண்ணீரில் அலசி, உலர்த்தி, மெழுகு தேயுங்கள். அலசல் அரைகுறையானால் பிறகு பச்சை பூக்கும். லிவர் ஆஃப் சல்ஃபரை (பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு) பலர் சொல்வார்கள். செம்பிலும் வெள்ளியிலும் அது பிரமாதம், பித்தளையில் மந்தம்.

கேள்வி: அலுமினிய மூடியையும் உடலையும் பீன்யா தொழிற்பேட்டையில் ஆனடைஸ் (மின்சாரத்தால் ஆக்ஸைடு படலம் ஏற்றுவது) செய்து வாங்கினேன். முன்பு வழுக்கிக்கொண்டு போன மரை இப்போது பாதியில் சிக்குகிறது. மூடியில் வெள்ளைக் கோடுகள் வேறு.
– வாசகர், ஜெயநகர்

பதில்: படலத்தில் ஒரு பகுதி உலோகத்துக்குள்ளேயும் மீதி வெளியேயும் வளர்கிறது. மேற்பரப்பு 5 மைக்ரான் உயர்ந்தால் 60 டிகிரி மரையின் பிட்ச் விட்டம் (மரைப் பல்லின் நடு உயரத்தில் அளப்பது) அதைப்போல நான்கு மடங்கு, அதாவது 20 மைக்ரான் மாறும். உடலின் மரை பருக்கிறது, மூடியின் மரை சுருங்குகிறது, கூட்டினால் 40, அதாவது 0.04 மி.மீ. கடையும்போதே 0.05 மி.மீ. கூடுதல் இடைவெளி விடுங்கள், அல்லது மரைக்கு ரப்பர் அடைப்பான் போடச் சொல்லுங்கள். இப்போதைக்கு நைசான லேப்பிங் பேஸ்ட் (தேய்க்கும் பொடி கலந்த பசை) தடவி இரண்டையும் சேர்த்துச் சுழற்றிப் பாருங்கள்.

வெள்ளைக் கோடு, மரையில் தங்கிய அமிலம் சாயத் தொட்டியில் கசிந்ததால் வந்தது. சாயத்துக்கு முன் ஆப்பசோடா தண்ணீரில் நன்றாக அலசச் சொல்லுங்கள். உலோகம் 6061 அல்லது 6063 ரக அலுமினியம்தானா என்றும் பாருங்கள். பழைய சாமான் கடையில் எடைக்கு வாங்கிய கம்பியில் நிறம் எப்படி வரும் என்று ஜாப் ஒர்க் செய்பவராலும் சொல்ல முடியாது.

கேள்வி: ஆனடைஸ் செய்த அலுமினியக் கழுத்தில் (நிப்பை ஒட்டி விரல் பிடிக்கும் பகுதி) அயர்ன் கால் மை (இரும்பு உப்பும் மாசிக்காய்ச் சத்தும் சேர்ந்த மை) ஆகுமா?
– வாசகர், இந்திராநகர்

பதில்: அந்தப் படலம் தாங்குவது ஏறக்குறைய பிஎச் 4 முதல் 8.5 வரைதான். அயர்ன் கால் மை அதைவிட அமிலம் கூடியது. கன்வெர்ட்டர் (உள்ளே செருகும், மை உறிஞ்சும் சிறு குழல்) போட்டு, மை நிரப்பியதும் கழுத்தைத் துடைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. உடலிலேயே மை ஊற்றும் பேனாவானால் டைட்டானியத்துக்கோ எபனைட்டுக்கோ (கெட்டி ரப்பர்) மாறிக்கொள்ளுங்கள்.